மீதி நாலு மாத்திரை

குஞ்சுகளுக்கு மருந்து வைக்கிற விஷயத்தில் மணியனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. மோகனூர் சாலையில் நாலாயிரம் குஞ்சு பிடிக்கிற கொட்டகை அவருடையது. ஒரு நாள் வயதுக் குஞ்சாக வாங்கி, தரையில் உமி பரப்பி, பத்து வாரம் வளர்த்து முட்டைப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுப்பார். மழைக்காலத்தில் உமி ஈரமானால் ரத்தக்கழிச்சல் வந்துவிடும். எச்சத்தில் சிவப்பு தென்பட்ட அன்றைக்கே தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்துவிடுவார். ஐந்து நாள் வைக்க வேண்டும். மூன்றாம் நாளே குஞ்சுகள் தெளிந்து தீனி கொத்த ஆரம்பிக்கும். அதைப் பார்த்து ஏமாந்துபோய் மருந்தை நிறுத்தியவர்கள் கொட்டகைக் குஞ்சுகளையெல்லாம் குழி தோண்டிப் புதைத்த கதை அந்தச் சாலை நெடுக உண்டு. மணியன் ஏமாறுகிற ஆள் இல்லை. தங்கை கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்த கையோடு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஐந்தாம் நாள் மருந்தைக் கலந்துவிட்டுத்தான் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் பெற்ற மகன் விஷயத்தில் கோட்டை விட்டார். நினைத்தால் அவர் மேல் கோபம்தான் வருகிறது. கோபப்பட்டு என்ன செய்ய, அவரே தன்னை விட்டுவைக்கவில்லை.

மகன் சந்தோஷ்குமாருக்கு இருபத்தெட்டு வயது. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் ரிக்கில் டிரில்லர் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர் காட்டுப்பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். ஆடிக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வருவான். மனைவி தனப்பிரியா நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மாமியார் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டதால் வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். இருவருக்கும் ஒத்துப்போனது. அவள் பள்ளிக்குக் கிளம்பும்முன் அவர் காபி போட்டு வைத்துவிடுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணியனும் வாலிபத்தில் ரிக்கில் போனவர்தான். ஒடிசாக் காட்டில் ஐந்து வருஷம். அங்கே மூன்று தடவை மலேரியா வந்து மூன்று தடவையும் பிழைத்தவர். அந்தக் காலத்தில் ரிக் ஆட்களுக்குள் ஒரு நியாயம் இருந்தது. மலேரியா மாத்திரைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வெறும் காய்ச்சல் மாத்திரை. அது யாருக்கும் சொந்தமில்லை, வண்டிக்குச் சொந்தம். நடுக்கம் எடுத்தவன் ஒரு நாளைக்குப் போடுவான். வியர்த்துக் காய்ச்சல் விட்டதும் மீதியை டூல்ஸ் பெட்டியில் திருப்பி வைத்துவிடுவான், அடுத்து விழுகிறவனுக்கு ஆகட்டும் என்று. மருந்துக்கடை அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காட்டில் முழு அட்டையையும் தானே விழுங்கினவனை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அப்போது பிழைத்ததெல்லாம் அதிர்ஷ்டம் என்று மணியனுக்கு எவரும் சொல்லவில்லை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே அவர் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் சந்தோஷ்குமார் மனைவிக்குப் போன் செய்தான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். அவள் ஸ்பீக்கரில் போட்டு மாமனார் முன்னால் வைத்தாள்.

"அப்பா, முந்தாநேத்து எனக்குக் காய்ச்சலுங்க. இந்த ஊரு சுகாதாரக்காரக்கா வந்து வெரல்ல குத்திப் பாத்துட்டு மலேரியான்னுட்டாங்க. மூணு நாளைக்கு ஆறு மாத்திரை குடுத்தாங்க. நேத்து ரெண்டு போட்டதுமே நின்னுருச்சுங்க. இப்ப என்னன்னா கௌசிக்குக்கு நடுக்கமெடுக்குது. அந்தக்கா வாரதுக்கு இன்னும் ரெண்டு நாளாவுமாம். வண்டி வேற பள்ளத்துல எறங்கி நிக்குது, ஆஸ்பத்திரிக்கும் போவ முடியாது. எங்கிட்ட மீதி நாலு இருக்குதுங்க. என்ன பண்றதுங்கப்பா?"

கௌசிக் அதே ரிக்கில் வேலை செய்கிற பையன். சேலத்தை ஒட்டியிருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரன். இவனைவிட இரண்டு வயது இளையவன்.

"உனக்கு நல்லா நின்னுருச்சல்ல சாமி?" என்றார் மணியன்.

"நின்னுருச்சுங்க. பசி கூட எடுக்குது."

"அப்பறம் என்ன யோசன. மீதிய அவனுக்குக் குடு. கூட வந்தவன் நடுங்கிட்டுக் கெடக்கயில நாம மாத்திரைய மடியில முடிஞ்சு வெச்சுக்கறதா? நாங்கெல்லாம் அப்பிடித்தான் இருந்தோம், என்ன கெட்டுப்போயிட்டோம்?"

"சரிங்கப்பா."

அவ்வளவுதான் பேச்சு. மணியனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பையன் கேட்டானே, தானாகவே எல்லாவற்றையும் விழுங்கிவிடாமல் கேட்டானே என்று பெருமை. மறுநாள் டீக்கடையில் ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக சந்தோஷ்குமார் ஊர் வந்து சேர்ந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். பெண்டாட்டிக்குப் புடவையும் அப்பாவுக்கு ஒரு கம்பளியும் வாங்கி வந்திருந்தான். நாமக்கல் வெயிலில் கம்பளியை வைத்து என்னடா செய்வது என்று கேட்டதற்கு, குஞ்சுக்குப் போர்த்திவிடுங்கப்பா என்று சிரித்தான். தீபாவளியன்று விடிய விடிய மழை. கொட்டகை ஓரத்தில் சாரல் அடித்து உமி நனைந்தது. அடுத்த நாள் எச்சத்தில் சிவப்பு. அதே நாள் மத்தியானம் சந்தோஷ்குமாருக்குக் காய்ச்சல்.

மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு. இரண்டு நாள் வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வராந்தாவில் கூடக் கட்டில் போட்டிருந்தார்கள். ரத்தத்தில் தட்டணு நாற்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டர் நல்ல மனிதர்தான். தூக்கமில்லாத முகத்தோடு நின்றுகொண்டே விசாரித்தார்.

"வெளியூர்ல இருந்து வந்தாரா?"

"ரிக்குங்க. தீவாளிக்கு வந்தான்," என்று மகனுக்கு முந்திக்கொண்டு மணியன் பதில் சொன்னார். பையனைப் பேச விட்டிருக்கலாம். காய்ச்சலில் கிடப்பவனைச் சிரமப்படுத்துவானேன் என்று அவருக்கு எண்ணம்.

"அங்க காய்ச்சல் எதாவது வந்துதா?"

"வந்துச்சுங்க. காய்ச்சல் மாத்திரை போட்டு அப்பவே நின்னுருச்சுங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஊரில் காய்ச்சல் மாத்திரை என்றால் பெட்டிக்கடையில் கிடைக்கிற மாத்திரை. மணியன் பொய் சொல்லவில்லை. மலேரியா என்ற ஒரு சொல்லை அவர் மறைக்கவும் இல்லை. முடிந்துபோன விஷயம், இப்போது எதற்கு என்று அவர் வாய்க்கே அது வரவில்லை. தனப்பிரியா அப்போது கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மாமா எல்லாம் சொல்லியிருப்பார் என்றே அவளும் இருந்துவிட்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் சந்தோஷ்குமாருடைய கண் மஞ்சளாகியிருந்தது. பொழுது சாயும்போது தனப்பிரியாவை யாரென்று தெரியாமல் இந்தியில் ஏதோ கேட்டான். பிறகு, ரிக்கில் நிற்கிற நினைப்பில், ராடு மாட்டிக்கிச்சு, ஏத்து ஏத்து என்று கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்தான். டெங்கு முற்றினால் இப்படியும் ஆகும் என்றார்கள். காலையில் சேலத்துக்கு மாற்றலாமா என்று பார்ப்போம் என்றும் சொன்னார்கள்.

இத்தனைக்கும் நடுவே மணியன் தினமும் விடிந்ததும் பஸ் பிடித்துக் கொட்டகைக்கு வந்துவிட்டுப் போனார். நாலாயிரம் உயிர், ஒரு நாள் விட்டால் பாழ். மகன் தலைமாட்டை விட்டு எழுந்து வந்தவர் மருந்தை எடைபோட்டுக் கலந்து, தொட்டி தொட்டியாக ஊற்றிவிட்டுத் திரும்பிப் போவார்.

ஐந்தாம் நாள் காலை அவர் வந்தபோது கோழி டாக்டர் ஜெகதீஸ்வரன் கொட்டகைக்குள் குனிந்து எச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் அவர்தான் வருவார்.

"குஞ்சு தெளிஞ்சிருச்சுங்க. இருந்தாலும் இன்னிக்கு மருந்த உட்றாதீங்க," என்றார்.

"உடுவனாங்க? அஞ்சு நாளுன்னா அஞ்சு நாளு."

"பையனுக்கு எப்பிடீங்க இருக்குது? டெங்குன்னு சொன்னாங்க."

"கண்ணு மஞ்சளா போயிருச்சுங்க. நேத்து பொழுதோட ஆளே தெரியாமப் பெனாத்தறான்."

ஜெகதீஸ்வரன் நிமிர்ந்தார். "ரிக்குல எந்தப் பக்கமுங்க இருந்தாப்பல?"

"சத்தீஸ்கருங்க."

"அங்க மலேரியா எதாச்சும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. மாத்திரை போட்டான், ஒரு நாள்ல நின்னுருச்சு."

"எத்தன நாளைக்குப் போட்டாப்பல?"

மணியன் மருந்து வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஒரு நாளைக்குங்க," என்றார். "மீதிய அவன் கூட்டாளிக்குக் குடுக்கச் சொன்னேன்."

 கோழி டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நானு கோழிக்கும் மாட்டுக்கும் பாக்கறவன், மனுசனுக்குச் சொல்லக் கூடாதுங்க. ஆனா இதக் கேட்டுக்கங்க. இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒத்த செல்லு உசுருல நாலு கூட்டமுங்க. ஒண்ணு ஒடம்பையே காலா நீட்டி நகரும், சீதபேதி குடுக்கறது அது. ஒண்ணு வால ஆட்டி நீந்தும். ஒண்ணுக்கு மேலெல்லாம் பூனைமுடியாட்டம் இருக்கும். நாலாவதுக்கு நகர ஒண்ணுமே கெடையாது, அடுத்த உசுருக்குள்ள புகுந்துதான் பொழைக்கும். உங்க குஞ்சு வயித்துல இருக்கறதும் மலேரியாவும் ரெண்டும் அந்த நாலாவது கூட்டந்தானுங்க. பாதி மருந்துல நிறுத்துனா குஞ்சுக்கு என்னாவும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமுங்களா? போன் போடுங்க. ஒடனே போடுங்க."

வாளி எங்கே விழுந்தது என்று மணியனுக்குத் தெரியாது. எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். ஜெகதீஸ்வரன்தான் போட்டுக் கொடுத்தார்.

"பிரியா, சாமி, டாக்டர்கிட்ட ஓடு. மலேரியான்னு சொல்லு. அங்கயே வந்துச்சு, ஒரு நாளைக்குத்தான் மாத்திரை போட்டான்னு சொல்லு. ஓடு சாமி."

 அந்தப் பக்கம் செருப்பில்லாமல் ஓடுகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனை அணைக்கவில்லை.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் தடவிப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆனது. மணியன் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வராந்தாவில் நின்றிருந்தார். ரத்தம் முழுக்க அதுதான் இருக்கிறது, மூளைக்கும் ஏறிவிட்டது, சிறுநீரகமும் கெட்டிருக்கிறது என்றார். முதல் நாளே இந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, மணியனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான்தான் தோண்டிக் கேட்டிருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ராசிபுரம் தாண்டும்வரை சந்தோஷ்குமார் முனகிக்கொண்டிருந்தான், அதற்கப்புறம் அதுவும் நின்றுவிட்டது. சேலத்தில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போய்விட்டான்.

அந்த ஐந்தாம் நாள் மருந்தை ஜெகதீஸ்வரனே கலந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நாலாயிரத்தில் ஒரு குஞ்சு கூட அதற்கப்புறம் சாகவில்லை. மணியன் அதைக் கேட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் போவதையே விட்டார்.

காவிரிக் கரையில் எரித்துப் பால் தெளித்து முடித்த அன்று, துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் துணிப்பந்தல் போட்டிருந்தது. மணியன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நீட்டிய கையையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தார். டெங்கு என்று சிலர் சொன்னார்கள், மலேரியா என்று சிலர் சொன்னார்கள். அரை வைத்தியம்தான் காரணம் என்று ஜெகதீஸ்வரனுக்கும் டாக்டருக்கும் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களில் வேறு யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் ஓடிச் சொன்ன தனப்பிரியாவும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாளாக அவள் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் தன்னை வெறுக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வெறுக்கட்டும், அதுதான் சரி என்றும் அவருக்குப் பட்டது.

மத்தியானத்துக்கு மேல் கௌசிக் வந்தான், அம்மா ராசம்மாளைக் கூட்டிக்கொண்டு. பந்தலுக்குள் நுழைந்ததுமே அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து மணியனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏஞ் சாமி, உங்க ஊட்டுச் சாமி குடுத்த மாத்திரையிலதான் எம் புள்ள இன்னிக்கு நிக்கறான். தனக்கு வெச்சிருந்தத இவனுக்குக் குடுத்துட்டுப் போயிட்டானே. எந்தச் சீமையில இப்பிடிப் புள்ள இருக்குது?"

கௌசிக் அழுதுகொண்டே பக்கத்தில் மண்டியிட்டான். "ரெண்டு நாள் கழிச்சு அந்தக்கா வந்து எனக்குத் தனியா முழு அட்டையும் குடுத்துட்டாங்க பெரீப்பா. அண்ணனையும் கேட்டாங்க, நீங்க முழுசாப் போட்டீங்களான்னு. போட்டேன்னுட்டாரு. அவங்க நம்மளத் திட்டுவாங்கன்னு சொல்லலீங்க. நானாச்சும் சொல்லியிருக்கோணும். சொன்னா இன்னொரு அட்ட குடுத்திருப்பாங்க. அவங்க பையில நெறைய இருந்துச்சுங்க பெரீப்பா."

பந்தலில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பெத்தா இப்பிடிப் பெக்கோணும் என்றாள் ஒருத்தி. அப்பன் வளத்த வளப்பு அப்பிடி என்றார் ஒரு பெரியவர், மணியனின் தோளைத் தட்டிக்கொடுத்தபடி. மணியன் அந்தக் கையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.  ராசம்மாள் நன்றி சொல்வதில் தவறே இல்லை, அவளுக்குப் பிள்ளை இருக்கிறான்.

நேராக உள்ளே போனார். தனப்பிரியா அறையில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உடன் இருந்த பெண்களை வெளியே போகச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு அவர்களும் மறுபேச்சில்லாமல் போனார்கள்.

"பிரியா," என்றார். அவரும் தரையில் உட்கார்ந்தார். "வெளிய பேசறதக் கேட்டிருப்ப. அவனாக் குடுக்கல சாமி. நாந்தான் குடுக்கச் சொன்னேன். உனக்குத் தெரியும், அன்னிக்கு நீயுந்தான் இருந்த. ஆஸ்பத்திரியிலயும் டாக்டரு கேட்டாரு. நாந்தான் என்னமோ ஒரு காய்ச்சல் மாத்திரைன்னு சொல்லி வெச்சேன். உம் புருசனக் கொன்னது நானு. கோழிக்கு அஞ்சு நாளு மருந்து வெச்சேன். எம் புள்ளைக்கு மூணு நாளு வெக்கல. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஒங்கப்பன் ஊட்டுக்குப் போறதுன்னாலும் போ. பேசாம மட்டும் இருக்காத சாமி."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. அவர் எதிர்பார்த்து வந்தது எதுவுமே இல்லை. ஒரு பயம்தான் இருந்தது, தப்பு செய்துவிட்டுப் பிடிபடப்போகிற பிள்ளையின் பயம்.

"நீங்க என்னையத் திட்டுவீங்கன்னுதான் மாமா நான் மூணு நாளாப் பேசல," என்றாள்.

"உன்னைய எதுக்குச் சாமி?"

"நீங்க குடுன்னு சொல்லும்போது நான் பக்கத்துலயே இருந்தனுங்க. மனசுக்குள்ள, நம்ம மாமா எவ்வளவு நல்லவருன்னு நெனச்சேன். அவரையும் நெனச்சுப் பெருமையா இருந்துச்சு."  மடியில் கிடந்த முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அன்னிக்கு நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுங்களா மாமா? காலாண்டுப் பரிட்சைப் பேப்பர் திருத்திட்டிருந்தேன். பன்னண்டாவது. ஒரு செல் உயிரியான புரோட்டோசோவாவின் நாலு பிரிவையும் அதுங்க உண்டாக்கற நோயையும் எழுதுக, அஞ்சு மார்க்கு. மலேரியாவுக்கு மருந்த முழுசாச் சாப்பிட்டு முடிக்கணும்னு கடசியில ஒரு வரி எழுதணும்."

முந்தானையைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"நீங்க போனை வெச்சதுக்கு அப்பறமும் திருத்துனனுங்க மாமா," என்றாள் தனப்பிரியா. "அந்த வரிய எழுதாதவங்களுக்கெல்லாம் அர மார்க்கு கொறச்சேன்."